சபாவியப் பேரரசின் பட்டு வணிகமும் வெளியுறவுகளும்

சபாவியப் பேரரசின் பட்டு வணிகம் என்பது, கி.பி. 1501 முதல் 1736 வரை பாரசீகத்தை (இன்றைய ஈரான்) ஆண்ட சபாவிய வம்சத்தின் காலத்தில், காசுப்பியன் கடலை அடுத்த பகுதிகளில் விளைந்த கச்சாப் பட்டை வெளிநாடுகளுக்கு விற்றுவந்த வணிகம் ஆகும். பேரரசின் முதன்மையான ஏற்றுமதிப் பொருளாக விளங்கிய பட்டு, அதன் வெளியுறவுக் கொள்கையையும் பெரிதும் தீர்மானித்தது.

பட்டு விளைந்த பகுதிகள்

ஈரானியப் பீடபூமியின் பெரும்பகுதி வறண்ட நிலமாகும். ஆனால் எல்பர்சு மலைத்தொடருக்கு வடக்கே உள்ள கிலான், மசந்தரான் பகுதிகள் மழை மிகுந்தவை. இங்கு முசுக்கொட்டை மரங்கள் செழித்து வளர்ந்ததால் பட்டுப்புழு வளர்ப்பு பெருகியது. சிர்வான், கராபாக் ஆகியவையும் பட்டு விளையும் பகுதிகளாக இருந்தன. உள்ளூர்ச் சிற்றரசர்களின் ஆட்சியில் இருந்த கிலானை முதலாம் ஷா அப்பாஸ் (ஆட்சிக் காலம் 1588–1629) 1592 இல் பேரரசுடன் இணைத்தார். பின்னர் கிலானும் மசந்தரானும் அரசரின் நேரடி உடைமையாக்கப்பட்டு, அவற்றின் வருவாய் அரச கருவூலத்துக்குச் சென்றது.

ஒட்டோமான் பேரரசுடனான சிக்கல்

பாரசீகத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் மிகக் குறைவு. நாணயம் அச்சடிக்கத் தேவையான வெள்ளி, பட்டுக்கு விலையாகவே பெருமளவில் கிடைத்தது. பட்டு, ஒட்டகக் கூட்டங்கள் மூலம் அலெப்போ, பூர்சா ஆகிய நகரங்களுக்குச் சென்றது. ஐரோப்பிய வணிகர்கள் அங்கு அதனை வாங்கினர். இந்நகரங்கள் சபாவியரின் எதிரிகளான ஒட்டோமான்களின் ஆட்சியில் இருந்தன. இதனால் ஒவ்வொரு சுமைக்கும் எதிரிக்குச் சுங்கம் செலுத்த வேண்டியிருந்தது. 1514 இல் சால்டிரான் போர் நடைபெற்ற காலத்தில் சுல்தான் முதலாம் செலிம் பாரசீகப் பட்டுக்குத் தடை விதித்தார். 1520 இல் ஆட்சிக்கு வந்த முதலாம் சுலைமான் அத்தடையை நீக்கினார்.

ஆர்மீனிய வணிகர்கள்

1604 இல் ஒட்டோமான் படை முன்னேறியபோது, அதற்கு உணவும் தங்குமிடமும் கிடைக்காதவாறு அரசு (அராக்சு) ஆற்றங்கரைப் பகுதிகளை ஷா அப்பாஸ் எரித்தழித்தார். அங்கு வாழ்ந்த ஆர்மீனியர் கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டனர். ஆற்றைக் கடக்கையிலும் வழியிலும் பலர் உயிரிழந்தனர். இவர்களுள் சுல்பா நகரத்து வணிகர்களுக்குத் தலைநகர் இசுபகானை அடுத்துப் புது சுல்பா என்னும் குடியிருப்பு அமைக்கப்பட்டது. கிறித்தவர்களான இவர்களுக்கு வழிபாட்டுரிமையும் அரச பாதுகாப்பும் வழங்கப்பட்டன. 1619 இல் பட்டு ஏற்றுமதி அரசின் தனியுரிமையானபோது, அதற்கான ஏலத்தில் ஆங்கிலேயரை விடக் கூடிய விலை கேட்டு ஆர்மீனியர் வென்றனர். இவர்களின் வணிகம் ஐரோப்பா முதல் சென்னை, மணிலா வரை பரவியது. சென்னையின் ஆர்மீனியன் தெரு இவ்வணிகச் சமூகத்தை நினைவூட்டுகிறது.

ஓர்முசும் கடல் வழியும்

ஒட்டோமான் நிலப்பரப்பைத் தவிர்க்க ஷா அப்பாஸ் கடல் வழியை நாடினார். 1599 இல் ஆங்கிலேயரான அந்தோணி செர்லியும் பாரசீகத் தூதர் ஒருவரும் ஐரோப்பிய அரசவைகளுக்கு அனுப்பப்பட்டனர். எனினும் ஒட்டோமான்களுக்கு எதிரான உறுதியான கூட்டணி எதுவும் உருவாகவில்லை.

பாரசீக வளைகுடாவின் வாயிலில் உள்ள ஓர்முசுத் தீவு 1515 முதல் போர்த்துக்கீசியர் வசம் இருந்தது. சபாவியரிடம் கடற்படை இல்லாததால், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் பயன்படுத்தப்பட்டன. 1622 இல் இமாம் குலி கானின் படையும் ஆங்கிலேயக் கப்பல்களும் இணைந்து ஓர்முசைக் கைப்பற்றின. இதற்கு ஈடாக எதிர்க்கரைத் துறைமுகமான பந்தர் அப்பாசின் சுங்க வருவாயில் ஒரு பங்கு ஆங்கிலேயருக்கு அளிக்கப்பட்டது. 1623 இல் டச்சுக்காரரும் அங்கு வணிகத்தைத் தொடங்கினர்.

விளைவுகள்

கடல் வழி திறந்த பின்னரும் பட்டின் பெரும்பகுதி அலெப்போ, இசுமீர் வழியாகவே சென்றது. கிலானிலிருந்து தெற்கே வளைகுடா வரையிலான தொலைவு மிகுதியாக இருந்ததும், தரைவழியில் ஆர்மீனியருக்கு இருந்த தொடர்புகளும் இதற்குக் காரணங்களாகும். ஷா அப்பாசுக்குப் பின் வந்த ஷா சாபி 1629 இல் அரசுத் தனியுரிமையை நீக்கினார். 1639 இல் ஒட்டோமான்களுடன் ஏற்பட்ட சுகாப் உடன்படிக்கை தரைவழி வணிகத்துக்கு நீண்ட அமைதியை அளித்தது.

இந்தியாவிலிருந்து பருத்தித் துணி, சாயம், நறுமணப் பொருட்கள் ஆகியவற்றைப் பாரசீகம் பெருமளவில் வாங்கியது. இதனால் பட்டின் மூலம் கிடைத்த வெள்ளியில் பெரும்பங்கு இந்தியாவுக்குச் சென்றது. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாணயத் தட்டுப்பாடு பேரரசை வலுவிழக்கச் செய்த காரணங்களுள் ஒன்றானது. 1722 இல் ஆப்கானியர் இசுபகானைக் கைப்பற்றினர். 1736 இல் நாதிர் ஷா முடிசூடியதுடன் சபாவிய வம்சம் முடிவுக்கு வந்தது.