உப்புக் குறைவும் சிறுநீர்ப் பரிசோதனையும்

நாட்டரசன்கோட்டையைச் சூழ்ந்த மானாவாரி நிலங்களில் கோடை வேலை எத்தகையது என்பதைச் சிவகங்கைச் சீமை விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வியர்வையில் நீர் மட்டுமன்று, உப்பும் வெளியேறுகிறது. அவ்வமயம் வெறும் நீரையே மிகுதியாகப் பருகினால் இரத்தத்தில் சோடியம் என்னும் உப்புச் சத்து குறைந்துவிடக்கூடும். குமட்டலும் மனக்குழப்பமும் தோன்றும். முற்றினால் வலிப்பும் உண்டாகும். முதியவர் ஒருவர் திடீரெனப் பிதற்றினால் வேப்பிலை அடிக்க முற்படுவோர் இன்றும் உளர்!

உப்புக் குறைந்ததை இரத்தப் பரிசோதனை காட்டும். ஏன் குறைந்தது என்பதை அறியச் சிறுநீரையும் பார்த்தல் வேண்டும்.

நமது கண்மாய் மடையை எண்ணிப் பாருங்கள். நீர் வற்றும் காலத்தில் மடையை அடைத்து வைக்கிறோம். சிறுநீரகமும் அவ்வாறே செய்கிறது. உடலில் நீரும் உப்பும் குன்றினால், அது சோடியத்தை வெளியே விடாது பிடித்துக்கொள்கிறது. அப்பொழுது சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோல் என்னும் அளவுக்கும் கீழே நிற்கும். மடையே பழுதானால் வறட்சியிலும் நீர் கசியுமன்றோ? சிறுநீரகத்தின் நுண்குழல்கள் பழுதுற்றால் அவ்வளவு பெரும்பாலும் 40-க்கு மேற்படும். சிறுநீர் திடீரெனக் குன்றிய நோயாளிக்கு நேர்ந்தது வறட்சியா, சிறுநீரகப் பழுதா என்று மருத்துவர் பகுத்தறிய இது துணை செய்கிறது. முன்னவர் உப்பு நீர் ஏற்றினால் தேறலாம். பின்னவருக்கு அளவின்றி ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

உப்புக் குறைவிலும் இத்தகைய வேற்றுமை உண்டு. சிறுநீர் மிக நீர்த்திருந்தால், பருகிய நீர் மிகுதி எனக் கருதலாம். செறிந்திருந்து சோடியமும் மிகுந்திருந்தால், நோயினாலோ மருந்தினாலோ உடல் நீரைத் தேக்கி வைத்திருக்கலாம்; அவருக்குப் பருகும் நீரைக் குறைப்பதே சிகிச்சையாகும். ஆகவே வீட்டில் உப்பை அள்ளிப் புகட்டுதல் தகாது. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவரிடம் இக்கணக்கு பிழைபடும். மாத்திரை அட்டையையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

மெல்ல மெல்ல வரும் சிறுநீரகச் செயலிழப்பை அறிய இன்னும் எளிய பரிசோதனை உண்டு. 1990-களின் பிற்பகுதியில் டாக்டர் எம். கே. மணி முன்னின்று நடத்திய சென்னைச் சிறுநீரக உதவி அறக்கட்டளையின் ஊழியர்கள், சென்னைக்கு அருகே சுமார் 25,000 மக்கள் வாழும் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்றனர். சிறுநீரில் சல்போசாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்தால், புரதம் உள்ள சிறுநீர் கலங்கும். அதைக் கொண்டே பலரை முன்னதாகக் கண்டறிந்து, மலிவான மருந்துகளால் சிகிச்சை அளித்தனர்.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோரின் பட்டியலைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கிராம சுகாதாரச் செவிலியருடன் சேர்ந்து தயாரித்து, ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புரதப் பரிசோதனைக்கு அனுப்பலாம். சோடியத்தை அளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும். மனக்குழப்பமோ வலிப்போ கண்டவரை, வண்டி பிடித்து உடனே சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ப்பித்தல் வேண்டும்.