தேயிலைக்கு முந்திய துளை

தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். பொல்பிட்டியப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து நிறைந்த வாது ஒன்று பட்டென்று முறிந்தால், முறிந்த இடத்தைப் பாருங்கள். சில வேளை குண்டூசித் தலையளவு துளை ஒன்று இருக்கும். உள்ளே வாதைச் சுற்றி வளைந்தோடும் சுரங்கம். குடைந்தது இரண்டரை மில்லிமீற்றர்கூட இல்லாத கறுத்த பெண் வண்டு. அது மரத்தைத் தின்பதில்லை. வாய்ப்பக்கத்துச் சிறு பையில் பூஞ்சை வித்தைக் கொண்டுவந்து சுரங்கச் சுவரில் வளர்க்கிறது. அதுதான் தாய்க்கும் குஞ்சுகளுக்கும் சாப்பாடு.

இலங்கையில் வணிகத் தேயிலைக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல். மரம் குடைவது அதைவிட எவ்வளவோ பழைய தொழில். அதற்குச் சாட்சி அம்பர்.

துளைபட்டால் சில மரங்கள் பிசின் வடித்து, குடைய வந்த பூச்சியையே மூழ்கடித்துவிடும். அந்தப் பிசின் மண்ணில் புதைந்து யுகக்கணக்கில் இறுகினால் அம்பர். மரமே வீடாக இருக்கும் சின்ன வண்டுகள் அதில் அகப்படுவதில் வியப்பில்லை. மியன்மாரின் கச்சின் அம்பருக்கு வயது ஏறக்குறைய 9.9 கோடி ஆண்டு, டைனோசர் காலம். அதில் கிடைத்த பட்டை வண்டு ஒன்றை 2009இல் கொக்னாட்டோ, கிரிமால்டி என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்து, மைக்ரோபோரஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். அந்தப் பேரினத்து வண்டுகள் இன்றும் உயிரோடிருக்கின்றன.

நமக்குக் கிட்டிய அம்பர் குஜராத்தில், சூரத் மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைக்கிறது. 5 கோடி ஆண்டுக்கும் மேல் பழசு. அதை வடித்தவை, கித்துல்கல காட்டில் நிற்கும் ஹொர மரத்தின் குடும்பத்தவை. நாம் புகைக்கும் குங்கிலியமும் அந்தக் குடும்பத்துப் பிசின்தான். வஸ்தான் அம்பர் முழுதாக இறுகாததால், கரைப்பானில் கரைத்துப் பூச்சியை அப்படியே வெளியே எடுக்கலாம். 2010இல் வந்த ஆய்வு, அதில் கிடைத்த 700க்கு மேற்பட்ட பூச்சி முதலிய கணுக்காலிகளை 55க்கு மேற்பட்ட குடும்பங்களாகப் பிரித்தது. இலங்கையையும் சேர்த்துக்கொண்டு வடக்கே நகர்ந்த இந்திய நிலம், கடல் நடுவே நெடுங்காலம் தனித்துக் கிடந்தது என்றே எண்ணியிருந்தார்கள். ஆனால் இந்தப் பூச்சிகளுக்கு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சொந்தங்கள் இருந்தன. போக்குவரத்து அப்போதே தொடங்கியிருந்தது.

மரம் குடையும் வண்டுகளின் பூஞ்சை வளர்ப்போ, வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக வந்தது. நம் தேயிலை வண்டின் கிளை தோன்றி சுமார் 2 கோடி ஆண்டுதான். காட்டு மரங்களில் கைதேர்ந்த அந்தத் தொழிலுக்கு, மலை மலையாக ஒரே செடியை நாம் நட்டுக் கொடுத்தோம். சுரங்கத்துக்குள் இருப்பதை மருந்தும் லேசில் எட்டாது.