தேடினால் கிடைக்கும், திருடனும் கிடைப்பான்!

காஸ் சிலிண்டர் வரவில்லை. கம்பெனிக்கு டெலிபோன் செய்ய வேண்டும். நம்பர் தெரியாது. என்ன செய்கிறார்கள்? செல்போனை எடுக்கிறார்கள். கம்பெனியின் பெயரை அடித்துத் தேடுகிறார்கள். முதலில் வந்த நம்பருக்குப் பேசுகிறார்கள்.

மறுமுனையில் பேசுகிறவன் கம்பெனி ஆள் அல்ல. திருடன்!

"கவலைப்படாதீர்கள் அம்மா. 10 ரூபாய் மட்டும் கட்டுங்கள். நான் அனுப்பும் ஆப்பை போனில் ஏற்றிக் கொள்ளுங்கள்" என்பான். மிகவும் மரியாதையாகப் பேசுவான். அந்த ஆப் ஏறியதும் போனின் திரையில் தெரிவது எல்லாம் அவனுக்கும் தெரியும். பாங்கியில் இருக்கும் பணம் பறந்து விடும்.

இப்படிப்பட்ட மோசடி இந்தியா முழுவதும் நடக்கிறது. பூட்டை உடைக்காத திருட்டு. கதவைத் திறந்து விடுவது நாமேதான்.

திருடனின் நம்பர் எப்படி முதலில் வந்தது?

ஓட்டு எண்ணும் இயந்திரம்

நாம் கேட்டவுடன் கூகுள் உலகம் முழுவதும் ஓடிப் போய்ப் பார்த்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அது முன்கூட்டியே கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து வைத்திருக்கிறது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. நாம் கேட்டதும் அந்த அட்டவணையைப் புரட்டுகிறது. அவ்வளவுதான்.

இன்டர்நெட்டில் தேடும் வேலையைத் தொடங்கி வைத்தது 'ஆர்ச்சி' என்ற இயந்திரம். 1990-ல், கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்ற மாணவர் அதை உருவாக்கினார். அது பைல்களின் பெயரை மட்டுமே தேடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

1998-ல் அமெரிக்காவில் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு மாணவர்கள் கூகுள் கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்கள் ஒரு புது யோசனை செய்தார்கள். ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டிக் காட்டுகின்றன என்று எண்ணினார்கள். ஓட்டு எண்ணுவது போல! ஆனால் எல்லா ஓட்டும் சமம் அல்ல. பெரிய மனிதரின் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். நிறைய ஓட்டு வாங்கிய பக்கம் மேலே வந்தது.

இன்று இன்னும் எத்தனையோ கணக்குகள் சேர்ந்து விட்டன. ஆனாலும் முதலில் வருவதெல்லாம் உண்மை அல்ல. மேலும், உச்சியில் வரும் சில இடங்கள் காசுக்கு விற்கப்படுகின்றன. பக்கத்தில் 'ஸ்பான்சர்டு' என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அப்படி என்றால் விளம்பரம். திருடனும் விளம்பரம் கொடுப்பான்! வரைபடத்தில் கம்பெனி பெயரைப் போட்டு, தன் நம்பரை ஏற்றி வைப்பான்.

பாங்கியின் நம்பர் ஏ.டி.எம். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கிறது. காஸ் கம்பெனியின் நம்பர் ரசீதில் இருக்கிறது. வீட்டிலேயே இருக்கும் நம்பரை உலகம் முழுவதும் தேடுவானேன்?

கேட்கிற விதம்

'விக்ரம்' என்று தேடிப் பாருங்கள். நடிகர் வருவார். 1986-லும் 2022-லும் வந்த கமலஹாசன் படங்கள் வரும். 2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரனில் இறங்கிய விக்ரம் கலமும் வரும். பள்ளிக்கூடப் பையனுக்கு வேண்டியது கலம்தான். அவன் 'விக்ரம் சந்திரன் இஸ்ரோ' என்று கேட்க வேண்டும். ஒரு சொல் போதாது. மூன்று நான்கு சொல் வேண்டும். அப்படியும் சினிமா வந்தால், ஓர் இடம் விட்டு, கழித்தல் குறி போட்டு, அதை ஒட்டி 'சினிமா' என்று எழுதலாம். அந்தச் சொல் உள்ள பக்கங்களை இயந்திரம் தள்ளி விடும்.

சொற்கள் அதே வரிசையில் வர வேண்டுமா? முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள் குறி போடுங்கள். பாதி மறந்து போன பாட்டைத் தேட இது நல்ல வழி.

எல்லாவற்றிலும் பயனுள்ளது இன்னொன்று. முதியோர் உதவித்தொகை பற்றி அறிய வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். தரகர்களின் பக்கங்கள் குவியும். சர்க்கார் பக்கம் மட்டும் வேண்டும் என்றால், கேள்விக்குப் பின்னால் ஆங்கிலத்தில் எஸ், ஐ, டி, இ என்ற 4 எழுத்துக்களை எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் 'கவ் டாட் இன்' என்று அடியுங்கள். இந்தியாவின் சர்க்கார் விலாசங்களுக்கு உரிய முடிவு அது. கண்டவர்கள் அதை வாங்க முடியாது.

படத்தையும் தேடலாம். வெள்ளத்தில் கார் மிதக்கும் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. இன்றைய படமா? 'கூகுள் லென்ஸ்' என்ற வசதியில் அந்தப் படத்தைக் கொடுங்கள். 2015 சென்னை வெள்ளத்தின் படம் என்றால், அப்போது அது வெளிவந்த பக்கம் அகப்படலாம்.

இப்போது சில கேள்விகளுக்கு இயந்திரமே விடையை எழுதி மேலே வைக்கிறது. அழகாகத்தான் எழுதுகிறது. ஆனால் தவறாகவும் எழுதும். மருந்தின் அளவு, மனுப் போடும் கடைசித் தேதி போன்றவற்றை அதை நம்பி முடிவு செய்யக் கூடாது. கீழே காட்டும் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

பணம் போய் விட்டால்?

உடனே 1930 என்ற நம்பருக்குப் பேசுங்கள். இது சர்க்கார் நம்பர். வெட்கப்பட்டு, வீட்டில் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. அந்தத் தாமதம்தான் திருடனுக்கு லாபம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அதற்குள் சொன்னால், வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பாங்கிக்கும் சொல்லுங்கள். பணம் போன நேரம், தொகை, திருடன் பேசிய நம்பர் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக் கையில் வைத்துக் கொண்டு பேசுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.