ஈஸ்டின் மரபணுப் பேரேடு



ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியில், அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் பொம்மசந்திரா என்னும் தொழிற்பேட்டை வரும். அங்கே ஆலைகளை உடைய பயோகான் நிறுவனம், 2004ஆம் ஆண்டில், ‘பிக்கியா’ என்னும் ஒருவகை ஈஸ்டைக் கொண்டு மனித இன்சுலினை ஆக்கி விற்பனைக்குக் கொணர்ந்தது. தனியாகக் கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிர், நீரிழிவு நோயாளிக்கு மருந்து ஆக்கித் தருவது வியப்பன்றோ? இவ்வினத்து உயிர்களின் உள்ளமைப்பை மனிதன் எவ்வாறு அறிகிறான்? அறிந்ததை எங்கே எழுதி வைக்கிறான்? அவற்றையே இன்று காண்போம்.

ஈஸ்டு இனங்களுள் மிக நன்றாக ஆராயப்பட்டது, ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்டே ஆகும். அது ஒரே உயிரணுவால் ஆகியது. ஆயினும், நம் உயிரணுவைப் போலவே அதற்கும் உட்கரு உண்டு. அதனுள் 16 குரோமோசோம்கள் உண்டு. பல நாட்டு அறிஞர்கள் 600 பேருக்கு மேல் கூடி உழைத்து, 1996இல் அதன் மரபுச் செய்தியைப் படித்து முடித்தனர். அதில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் எழுத்துகளும், சுமார் 6,000 மரபணுக்களும் உள்ளன. உட்கரு உடைய உயிர்களுள் முழுமையாகப் படிக்கப்பட்டது இதுவே முதலாவது.

எழுத்தைப் படிப்பது வேறு. பொருளை உணர்வது வேறு. ஒரு மரபணுவின் வேலையை அறிய, அதனை நீக்கிவிட்டு ஈஸ்டுக்கு என்ன குறை நேர்கிறது என்று பார்ப்பர். 2002ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய எல்லா மரபணுக்களையும் இவ்வாறு ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்துவிட்டனர். சுமார் ஐந்தில் ஒரு பங்கு மரபணுக்கள், இல்லாவிடில் உயிரே நில்லாதவை எனத் தெரிந்தது.

ஆனால், முடிவுகள் பல ஏடுகளில் சிதறிக் கிடந்தன. ஒரே மரபணுவுக்குப் பல பெயர்களும் வழங்கின. ஓசூர் ஆலை ஒன்றில் ஒரே உதிரிப் பாகத்தை ஒவ்வொரு ஷிப்டினரும் ஒவ்வொரு பெயரால் குறித்தால் சரக்கறை என்ன ஆகும்? இக்குழப்பத்தைத் தீர்ப்பதே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் ஈஸ்டு மரபணுத் தரவுத்தளம். அறிஞர்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிச் சான்றுடன் பதிகின்றனர்.

‘ஒய்.பி.ஆர். 160 டபிள்யூ’ என்பது அங்குள்ள ஒரு முகவரி. முதலெழுத்து ஈஸ்டையும், அடுத்தது இரண்டாம் குரோமோசோமையும், மூன்றாவது அதன் வலக்கரத்தையும், எண் வரிசையையும், கடைசி எழுத்து இழையையும் குறிக்கும். உயிரணுப் பிரிவைத் தொடங்கிவைக்கும் இம்மரபணுவைக் கண்டவர் லேலண்ட் ஹார்ட்வெல். மற்றொரு வகை ஈஸ்டில் இதற்கு இணையான மரபணு பழுதுபட்டபோது, மனித மரபணு ஒன்று அதன் வேலையைச் செய்ததை 1987இல் பால் நர்ஸ் குழுவினர் காட்டினர். இருவரும், டிம் ஹன்ட்டுடன் சேர்ந்து, 2001இல் நோபல் பரிசு பெற்றனர். கட்டுக்கடங்காத உயிரணுப் பிரிவே புற்றுநோய் ஆதலின், ஈஸ்டின் பக்கத்தை மருத்துவரும் நாடுகின்றனர்.

1998இல் ஈஸ்டு, பழ ஈ, சுண்டெலி ஆகியவற்றின் தரவுத்தளங்கள் ஒன்றுகூடி, மரபணுக்களின் வேலைகளைக் குறிக்கப் பொதுச்சொற்களை வகுத்தன. நம் நாட்டிலும் உயிரியல் தரவுகளைச் சேமிக்க, 2022இல் பரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் தொடங்கப்பட்டது.

கண்டதை ஒருவர் மறைத்தால், மற்றொருவர் அதே உழைப்பை மீண்டும் உழைக்க நேரும். நோயாளியும் காத்திருக்க நேரும். ஈஸ்டின் மரபணுக்களிலேயே இன்னும் பல நூறு, வேலை விளங்காமல் நிற்கின்றன. ஸ்டான்ஃபோர்டுப் பேராசிரியர் காணும் அதே பக்கத்தைக் கிருஷ்ணகிரிக் கல்லூரி மாணவரும் கட்டணமின்றிக் காணலாம். அங்கே வெற்றிடமாக உள்ள ஒரு வரியை நிரப்பும் கை உங்களுடையதாகவும் இருக்கலாம்.