காய் விடாமலே பிரிந்தவர்கள்

சின்னப் பிள்ளைகளின் சண்டைக்கு ஒரு முறை உண்டு. காய் விடுவார்கள், இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அப்புறம் பழம் விட்டு ஒரே தேன்மிட்டாயைக் காக்காய்க் கடி கடித்துத் தின்பார்கள். காய் விடாமலே கரைந்துபோகிற நட்பைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் ஜூன் மாதத்தில் நடக்கிறது. தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு ஒரு பையன் ஆண்கள் பள்ளிக்குப் போகிறான். அவனுடைய பக்கத்து வீட்டுத் தோழி பெண்கள் பள்ளிக்குப் போகிறாள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அடுத்த பிரிவு, மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுக்கும் குரூப். உயிரியல் எடுத்தவளும் வணிகவியல் எடுத்தவளும் ஒரே வளாகத்தில் இருந்தும் மதியச் சாப்பாட்டுக்கு வெவ்வேறு மரத்தடி. மாலையில் ஒருத்திக்கு நீட் வகுப்பு, இன்னொருத்திக்கு டியூஷன். யாருக்கும் யார்மீதும் கோபமில்லை. சேர்ந்திருக்க நேரம்தான் இல்லை.

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், ஊர் மாறிய பெரியவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும் ஆராய்ந்து 2018இல் ஒரு கணக்குச் சொன்னார். நெருங்கிய நட்பாவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டுமாம். பள்ளியில் ஒரே பெஞ்சில் நாளுக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மாதத்தில் அது சேர்ந்துவிடும். அந்தப் பெஞ்சைப் பிரித்துவிட்டு, நட்பு மட்டும் நிலைக்கும் என்று நாம் எப்படி எதிர்பார்க்கிறோம்?

சங்ககால மன்னன் கோப்பெருஞ்சோழனும் புலவர் பிசிராந்தையாரும் நேரில் பார்க்காமலே நண்பர்களானார்கள். அது முதிர்ந்தவர்களின் நட்பு. பதினோரு வயதுக்கு அது போதாது. அந்த வயதில் நட்பென்றால் ஒரே சைக்கிளில் இரண்டு பேர்.

பள்ளி மாறிய வருடம் என் மகள் கேட்டாள்: “அவ என்னை மறந்துட்டாளாம்மா?” “புது ஃபிரெண்ட்ஸ் கிடைப்பாங்க, விடு” என்றேன். அவள் அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பூனைக்குட்டி செத்தால்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறோம். இந்த இழப்பை மட்டும் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டேன். அது தவறு.

எல்லா நட்பையும் கட்டிக் காக்க வேண்டியதில்லை. பதின்மூன்று வயதில் ரசனை மாறும், ஒருவரை ஒருவர் சலிக்கும். அப்படித் தானாகப் பிரிபவர்களை விட்டுவிடலாம். நம்முடைய ஏற்பாடுகளால் பிரிந்தவர்களுக்காவது நாம் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். வரும் மே விடுமுறையில் ஒருநாள், உங்கள் பிள்ளையைப் பழைய நண்பனின் வீட்டில் காலையில் கொண்டுபோய் விடுங்கள். சாயங்காலம் போய் அழைத்து வாருங்கள்.