புற்றும் கதிரும்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் சூழ்ந்தோட, நடுவே தீவாய் விளங்குவது திருவரங்கம். அத்தீவிலேயே உள்ள திருவானைக்காவில் 1888ஆம் ஆண்டு பிறந்தவர் சர் சி. வி. இராமன். பொருள்மேற் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருவதை அவர் 1928இல் கண்டார். அவ்வாராய்ச்சியைத் தூண்டியவற்றுள் ஒன்று, அமெரிக்க அறிஞர் காம்ப்டன் 1923இல் வெளியிட்ட உண்மையாகும். எக்ஸ் கதிர் பொருளிற் புகும்போது எலக்ட்ரான் என்னும் மின்னணுவை மோதித் தள்ளித் தன் ஆற்றலில் ஒரு பங்கை இழக்கிறது என்பதே அது. புற்றுநோயைத் தீர்க்கும் கதிர் மருத்துவத்திலும் பெரும்பாலும் இம்மோதலே தொழிற்படுகிறது.

உடலினுள்ளே தள்ளப்பட்ட மின்னணுக்கள் அங்குள்ள நீரைச் சிதைக்கின்றன; நம் உடலிற் பெரும்பகுதி நீரன்றோ? அச்சிதைவிற் பிறக்கும் துணுக்குகள், உயிரணுவின் உட்கருவிலுள்ள மரபு இழையை அறுக்கின்றன. அவ்விழை இரு புரிகளால் ஆனது. ஒரு புரி அறுந்தால் உயிரணு அதனை எளிதிற் செப்பனிட்டுக்கொள்ளும். இரண்டும் ஓரிடத்தே அறுந்தால் அது பிழைப்பது அரிது. ஆயினும் உடனே மடிவதில்லை. இரண்டாகப் பிளந்து பெருக முயலும்போதே பல அணுக்கள் மடிகின்றன. ஆதலின் கட்டி கரைய வாரங்களும் மாதங்களும் ஆகும்.

களை பறிப்போர் பயிரை விலக்கிக் களையை மட்டும் பற்றுவர். கதிருக்கு அவ்வேறுபாடு தெரியாது. ரேடியத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்த பிரெஞ்சு அறிஞர் பெக்கரலுக்கு 1901இல் தோல் வெந்து புண்ணாயிற்று. அங்ஙனமாயின் இம்மருத்துவம் கைகூடுவது எவ்வாறு? நல்ல அணுக்களுக்குச் செப்பனிடும் திறன் மிகுதி. புற்றணுக்கள் பலவற்றிற்கு அது குறைவு. எனவே வேண்டிய அளவு முழுவதையும் ஒரே நாளிற் செலுத்தாமல், பகுத்துச் செலுத்துவர். 1920களில் பாரிசு நகரத்து மருத்துவர்கள் இம்முறையை ஆராய்ந்து நிலைநாட்டினர்.

நம் நாட்டில் வாய்ப்புற்று மிகுவதற்குப் புகையிலை மெல்லுதல் தலையாய காரணம். அந்நோய்க்கு நாளொன்றுக்கு 2 கிரே, வாரத்திற்கு ஐந்து நாள் என ஆறேழு வாரம் கதிர் செலுத்துவது வழக்கம். திருவரங்கத்திலிருந்து திருச்சிராப்பள்ளி மருத்துவமனைக்கு வரும் நோயாளி, ஏறத்தாழ முப்பத்தைந்து நாள் காவிரிப் பாலத்தைக் கடக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் வாய் புண்ணாகும், சுவை மங்கும், உமிழ்நீர் வற்றும். விரைந்து பெருகும் இயல்புடைய வாயின் உட்தோல் கதிரால் எளிதில் தாக்குறுவதே புண்ணுக்குக் காரணம். மருத்துவம் முடிந்த சில வாரங்களிற் புண் பெரும்பாலும் ஆறிவிடும். உமிழ்நீர்க் குறைவு சிலருக்கு நீடிக்கும்.

புண்ணைக் கண்டு அஞ்சி இடையில் நின்றுவிடுவோரும் உளர். கேடு அங்கேதான் நேர்கிறது. நல்ல அணுக்கள் தேறுவதற்கென விட்ட இடைவெளி, நீளுமாயின் பகைக்கே துணையாகிறது. எஞ்சிய புற்றணுக்கள், நான்காம் வாரத்தை ஒட்டி, முன்னினும் விரைந்து பெருகத் தொடங்குகின்றன. ஆதலால் ஒருவர் சில நாள் வாராது மீண்டால், மருத்துவர் விடுபட்ட நாட்களை எண்ணி, கதிரின் அளவை மறுபடியும் கணக்கிடுகின்றனர்.