நோய்க்குப் பின் மீண்டும் பணிக்கு: எலியா காட்டும் வழி



நம் பங்குகளில் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோர் பலர் முன்கூட்டியே நோயில்பூசுதல் பெற்றுச் செல்கின்றனர். இந்த அருளடையாளம் இறக்கும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்ததை நாம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. அன்பியத்தில் அவர்களுக்காகச் செபமாலை சொல்கிறோம். சிகிச்சை நலமாய் முடிந்ததும் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். அத்துடன் நம் கடமை முடிந்தது என எண்ணிவிடுகிறோம். ஆனால் நோயுற்றவருக்கு அப்போதுதான் இன்னொரு பயணம் தொடங்குகிறது. அவர் மீண்டும் வேலைக்குச் செல்ல வேண்டும்.

அவரை இருவிதக் குரல்கள் வரவேற்கின்றன. "இனி உனக்கு எதற்கு வேலை? பேசாமல் வீட்டில் இரு" என்பது ஒன்று. "அதுதான் குணமாகிவிட்டதே, இன்னும் என்ன களைப்பு?" என்பது மற்றொன்று. முதலாவது பாசத்தால் சொல்லப்படுகிறது, இரண்டாவது அறியாமையால். இரண்டுமே அவரைக் காயப்படுத்துகின்றன.

பேதுருவின் மாமியாரை இயேசு தொட்டதும் காய்ச்சல் நீங்கியது. அவர் உடனே எழுந்து பணிவிடை செய்தார் என மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். எல்லாரும் அப்படியே எழ வேண்டும் என எதிர்பார்க்கிறோம். ஆனால் அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தில் வேறொரு வழியும் உண்டு. சோர்ந்துபோன எலியா சூரைச் செடியின் அடியில் சாவை வேண்டிப் படுத்துவிடுகிறார். வானதூதர் அவரை எழுப்பி உண்ணச் செய்கிறார். உண்டதும் எலியா புறப்படவில்லை, மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்காக வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் முறையும் உணவு தந்து, பயணம் நீண்டது என்று நினைவூட்டுகிறார். அதன்பிறகே எலியா 40 நாள் நடந்து ஓரேபு மலையை அடைகிறார். அங்கே இறைவன் அவருக்குப் புதிய பணியைத் தருகிறார்.

எலியாவின் இரண்டாம் உறக்கத்தைப் புரிந்துகொண்டால் இந்நோயாளிகளையும் புரிந்துகொள்வோம். இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். இதற்கான அறுவைச் சிகிச்சையில் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றும்போது, பின்னாளில் அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும். மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழிந்தும் இது வரலாம். அந்தக் கையில் வெட்டுக்காயமோ தீக்காயமோ படாமல் காத்துக்கொள்ள வேண்டும். கீமோதெரபி மருந்துகள் சிலவற்றால் விரல்கள் மரத்துப்போகும். தையல் வேலை செய்பவருக்கு ஊசி குத்துவது தெரியாது. தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிலருக்குக் குரல் கம்மிவிடும்; ஆசிரியருக்கு அது எத்தகைய இழப்பு! சிகிச்சைக்குப் பின் வரும் களைப்போ தூங்கி எழுந்தாலும் போவதில்லை. அது சோம்பலன்று. மருத்துவர் ஆலோசனையுடன் நாள்தோறும் சிறிது தூரம் நடப்பது அக்களைப்பைக் குறைக்க உதவும்.

ஆகவே வேலை வழங்குவோர் செய்யக்கூடியவை சில உண்டு. முதல் சில வாரங்களுக்கு அரை நாள் வேலை தரலாம். பாரம் தூக்காத பணிக்கு மாற்றலாம். மருத்துவப் பரிசோதனை நாள்களில் முகம் சுளிக்காமல் விடுப்புத் தரலாம். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளர்களுக்குச் சாதாரண நோய்க்கால உதவி 91 நாள்களுக்கு, ஊதியத்தில் 70 விழுக்காடு. புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, உரிய நிபந்தனைகளை நிறைவுசெய்தால், 80 விழுக்காடு வரை இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்கப்படுகிறது. இதை அறியாமல் கடன் வாங்கி, உடல் தேறுமுன்பே வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

புனித திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலை 1981ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் வெளியிட எண்ணியிருந்தார். மே 13ஆம் நாள் அவர் சுடப்பட்டு, அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானார். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின்னரே அதை இறுதியாகத் திருத்தி, செப்டம்பர் 14ஆம் நாள் வெளியிட்டார். உழைப்பு மனிதருக்காகவே, மனிதர் உழைப்புக்காக அல்ல என்பது அம்மடலின் அடிப்படைப் படிப்பினை. உடல் குறைபாடு உள்ளோருக்கும் அவர்கள் ஆற்றலுக்கேற்ற வேலை தரப்பட வேண்டும் என்றும் அதில் அவர் கற்பிக்கிறார். முன்போல் உழைக்க முடியாததால் ஒருவரின் மதிப்பு குறைவதில்லை. அதே நேரம், அவரால் இயன்ற வேலையை இரக்கத்தின் பெயரால் பறிப்பதும் நீதியன்று.

புற்றுநோய் தொற்றுநோயன்று; பாவத்திற்குக் கிடைத்த தண்டனையும் அன்று. எனவே பணியிடத்தில் அவர் உண்ணும் மேசையில் நாமும் அமர்வோம். நோயைப் பற்றித் துருவித் துருவிக் கேளாமல், "இன்று எது கடினமாக இருக்கிறது?" என்று மட்டும் கேட்போம். பாடகர் குழுவிலும் மறைக்கல்வி வகுப்பிலும் அவரது இடத்தை அவருக்காகக் காத்து வைப்போம். நோயாளர் இல்லத்திற்கு ஒருமுறை சென்று வந்த நாம், அவர் வேலைக்குத் திரும்பிய மாதத்தில் இரண்டாம் முறையும் செல்வோம். வானதூதர் எலியாவிடம் இருமுறை வந்தார் என்பதை மறவாதிருப்போம்.

நலம் தரும் இறைவன், மீண்டும் பணிக்குத் திரும்பும் நம் சகோதர சகோதரிகளுக்கு வலிமையையும், அவர்களோடு நடக்கும் நமக்குப் பொறுமையையும் தந்தருள்வாராக.